விலையைக் குறைப்பதற்கு முன் பெட்டியை அளந்து பாருங்கள்

வாங்குவோர் செலவைச் சுருக்கிக்கொள்ளும் இந்தக் காலத்தில், காரைக்குடிப் பக்கமிருந்து தேன்குழல், மனகோலம், அதிரசம் முதலிய பலகாரங்களை இணையவழி விற்பவர்கள், விலையில் கைவைப்பதற்கு முன் கூரியர் செலவைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் செ.மீ. கணக்கில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து வரும் எடையை உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. ஆகவே 1 கிலோ தேன்குழலை 30×25×20 செ.மீ. பெட்டியில் அனுப்பினால் 3 கிலோவுக்குப் பணம் கட்ட நேரும். 25×20×15 பெட்டியில் அடக்கினால் ஒன்றரைக் கிலோவுக்குத்தான். சிறு வட்டங்களாகப் பிழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணித்தால் நொறுங்குவதும் குறையும். அதிரசம் கனமான பண்டம் என்பதால் அதற்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

அதே பக்கத்துக் கைத்தறிப் பருத்திச் சேலையான கண்டாங்கியை விற்பவர்களுக்குப் பெட்டியே தேவையில்லை. தண்ணீர் புகாத உறையில் தட்டையாக மடித்து அனுப்பலாம். பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையில், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பப்படும் பொதிக்குப் போகவர இரு கட்டணமும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும் என்பதால், முன்கூட்டியே பணம் செலுத்துவோருக்குச் சிறு தள்ளுபடி கொடுத்துவிடுவதே, என் கணிப்பில், மலிவு.