காசு கட்டியும் கம்ப்யூட்டர் சரியாகவில்லையா?

இணையத்தில் பணம் கட்டிக் கேட்ட ஆலோசனை பலிக்கவில்லை என்றால், முதலில் அந்த சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், என்ன பிழைச் செய்தி வந்தது என்று அங்கேயே எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியில் முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று. சின்னத் தொகைதானே என்று கட்டியது சில நாள் சோதனைச் சந்தாவாக இருக்கலாம். ரத்து செய்யாவிட்டால் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஆலோசனை சொன்னவர்கள் தொலைவிலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க (ரிமோட்டில்) உள்ளே விட்டிருந்தால், அதற்காக நிறுவிய மென்பொருளை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், திரையைக் காட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணத்தைத் திருப்ப உங்கள் திரை தேவையே இல்லை.