நோய் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள்

நோய்த் தடுப்பு என்றதும் பலரும் எதைச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன், இந்த நோய் எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்று கேளுங்கள். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தே ஒரு தெருவின் அடிகுழாயிலிருந்துதான் நோய் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். கிருமிதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஏற்பதற்கு வெகு காலம் முன்பே!

சரி, கையிலிருந்து தொடங்கலாம். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலையும் விரலிடுக்கையும் நகநுனியையும் விட்டுவிடுகிறோம், கிருமி தங்குவதே அங்கேதான். கழிப்பறை போய் வந்த பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன் கட்டாயம் கழுவுங்கள். கழுவியதும் துடைத்து உலர்த்துங்கள், ஈரக்கையில் கிருமி சுலபமாக ஒட்டும். சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸிடம் அது அவ்வளவாகப் பலிக்காது, சோப்புதான் சரி.

தண்ணீர் சந்தேகமாக இருந்தால், தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். அப்புறம் மூடி வையுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரில் கையோடு டம்ளரை முக்கி எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

இவ்வளவு செய்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் குழந்தைக்கு ஆபத்து. மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், குடிக்க முடியாத சோர்வு, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டெங்குவைப் பரப்பும் கொசு, தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையிடும், அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காற்றில் பரவுவதைக் கையும் சோப்பும் தடுக்காது. தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து, பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள், இரண்டாவது தவணை விடுபட்டிருந்தால் தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம்.