மொட்டை மாடியில் தொடங்கும் மலைப்பயணம்: தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு இருவர்

டென்ட்டைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை இமயமலைக்குப் போகும் சென்னைத் தம்பதிக்கு, இமாச்சலின் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா நல்ல தேர்வு. 2014இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த காடு. ஆனாலும் மணாலிக் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. குஷைனி கிராமத்திலிருந்து தீர்த்தன் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 10 கி.மீ. நடந்தால் ரோல்லா முகாம். உயரம் சுமார் 2,100 மீட்டர், அதாவது நம் கொடைக்கானல் அளவுதான். அதற்கு மேலே ஷில்ட், சுமார் 3,100 மீட்டர். மே மாதம் அல்லது அக்டோபரில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு உண்டு, வேண்டவே வேண்டாம்.

ரயிலிலோ விமானத்திலோ டெல்லி போய், அங்கிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்து. மணாலி வரை போகாமல் வழியில் ஔட் என்ற ஊரில் இறங்க வேண்டும். பெரும்பாலும் விடிவதற்கு முன்பே வந்துவிடும். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவைத்து, போனிலும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பஞ்சார் வழியாகக் குஷைனி. கையில் பணம் வேண்டுமென்றால் பஞ்சாரிலேயே எடுத்துவிடுங்கள். அனுமதிச் சீட்டு அந்த வழியிலேயே வரும் சாய் ரோபா என்ற ஊரில் உள்ள பூங்கா அலுவலகத்தில் கிடைக்கும். இருவரின் அடையாள அட்டை நகலும் தேவை. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். பூங்கா வாசலைத் தாண்டினால் போனில் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

எட்டு வாரம் முன்பு

சென்னை தட்டையான ஊர். மெரினா மணலில் நடப்பது மூச்சுக்கு நல்லது, மலை ஏறும் காலுக்குப் போதாது. படிகள்தான் வழி: பரங்கிமலைப் படிகள், திருக்கழுக்குன்றம், இல்லையென்றால் அடுக்குமாடியின் படிக்கட்டு. வாரம் மூன்று நாள், முதலில் வெறுங்கையோடு, மூன்றாம் வாரத்திலிருந்து பையில் தண்ணீர் பாட்டில்களோடு. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். மேலே போனதும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு லேசான பையோடு இறங்கினால் முட்டி தப்பிக்கும். கடைசி இரண்டு வாரம் மட்டும் சுமையோடு இறங்கிப் பழகுங்கள். தொடை வலிப்பதும் கால் நகம் கறுப்பதும் இறக்கத்தில்தான். கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பரணில் நாலு வருஷமாகக் கிடக்கும் ட்ரெக்கிங் ஷூவை நம்பாதீர்கள். சென்னையின் ஈரக்காற்று அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேனைச் சிதைத்துவிடும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும்; மலையில் இரண்டாம் மணி நேரத்தில் அடிப்பாகம் வாய் பிளக்கும். அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசலோ, பொடி உதிர்வதோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டென்ட்டை மொட்டை மாடியில் ஐந்து தடவையாவது போட்டுப் பழகுங்கள், அதில் ஒன்று இருட்டில். தளத்தில் முளை இறங்காது, செங்கலைக் கட்டிக்கொள்ளலாம். கீழ் விரிப்பு டென்ட்டின் அடியைவிட நாலு விரற்கடை சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒரு குடும்பம், ஒரு சுமை

ஆளுக்கு ஒரு பையை எடுத்துத் தனித்தனியாக அடுக்கினால் பற்பசை முதல் சார்ஜர் வரை எல்லாம் இரண்டு வந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். மூன்று நாளுக்கு இருவரின் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: டென்ட் 2.5 கிலோ, ஸ்லீப்பிங் பேக் இரண்டும் 3, மேட் இரண்டும் 1, அடுப்பு, கேஸ், பாத்திரம் 1, சாப்பாடு 3.6, துணி 4, தண்ணீர் 4, காலிப் பைகள் 3. மொத்தம் சுமார் 22 கிலோ. இதைப் பாதிப்பாதியாகப் பிரிப்பது நியாயம் மாதிரி தெரியும், நியாயமில்லை. உடல் எடை விகிதத்தில் பிரியுங்கள். 75 கிலோ ஆளுக்கு 13, 55 கிலோ ஆளுக்கு 9. சாப்பாட்டை எடை குறைந்தவரின் பையில் வையுங்கள், வேளைக்கு வேளை சுமை குறையும். ஆனால் தண்ணீர், டார்ச், மழைக்கோட்டு, விசில், கொஞ்சம் கடலை மிட்டாய் ஆகியவை இருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். பாதையில் பிரிந்துவிட்டால் அப்போதுதான் அதன் அருமை தெரியும். நடை வேகத்தை மெதுவாக நடப்பவரே தீர்மானிக்கட்டும், அவர் முன்னால் போகட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று இரண்டு வெப்பநிலை எண்கள் போட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்பதைப் பாருங்கள், 'லிமிட்' என்பதை மறந்துவிடுங்கள். சென்னை உடம்புக்கு கம்ஃபர்ட் 0 டிகிரி பை வேண்டும். ஒன்றுக்கு இடப்பக்க ஜிப், மற்றொன்றுக்கு வலப்பக்க ஜிப் என்று ஒரே மாடலில் வாங்கினால் சேர்த்துப் பூட்டி ஒரே படுக்கையாக்கலாம். ராத்திரியில் எழுந்து வெளியே போகிறவர் வாசல் பக்கம் படுக்கட்டும். குளிருகிறதே என்று டென்ட்டின் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். இருவர் விடும் மூச்சு உள்சுவரில் நீராகக் கோத்து, விடியும்போது பையெல்லாம் ஈரமாகிவிடும்.

பருத்திதான் நல்லது என்பதெல்லாம் சென்னை வெயிலுக்கு. மலையில் வியர்வையில் நனைந்த பனியன் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் விளையாட்டு ஜெர்சி போதும். ஜீன்ஸ் கூடவே கூடாது.

மாதவிடாய் நாட்களைக் கணக்கிட்டுத் தேதி போடுங்கள், ஆனால் உயரமும் அலைச்சலும் தேதியை மாற்றலாம். பேட், பழைய செய்தித்தாள், ஜிப் கவர் எப்படியும் பையில் இருக்கட்டும். பயன்படுத்தியதைக் காட்டில் புதைக்கக் கூடாது, திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அடுப்பும் உப்புமாவும்

கேஸ் கேனிஸ்டரை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது. தங்குமிடத்தாரிடம் முன்பே சொல்லி அங்கே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். வெறும் பியூட்டேன் கேன் உறைநிலையை நெருங்கும் குளிரில் சுரத்தில்லாமல் எரியும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்ததுதான் சரி. எக்காரணம் கொண்டும் டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

ரோல்லா உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பும் அரிசியும் வேக நேரமாகும், கேஸ் தீரும். ஆகவே வீட்டிலேயே உப்புமாக் கலவை: இருவர் ஒரு வேளைக்கு ஒரு கப் ரவையை மணம் வரும்வரை வறுங்கள். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் தாளித்து, கறிவேப்பிலை நொறுங்கும் பதம் வரும்வரை விட்டு, சுக்குப்பொடி, அரை ஸ்பூன் உப்போடு ரவையில் கலந்து முழுக்க ஆறியபின் கட்டுங்கள். பச்சை மிளகாயும் இஞ்சியும் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அங்கே இரண்டரைக் கப் தண்ணீர் கொதித்ததும் கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெயே எடுத்துப் போங்கள்.

முதல் இரவு குஷைனியில், இரண்டாம், மூன்றாம் இரவு ரோல்லாவில். நடுவில் ஒரு நாள் சிறு பையோடு ஷில்ட் பக்கம் ஏறுங்கள். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். மதியம் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டு மேலே போகாதீர்கள், இறங்குங்கள். டென்ட்டை ஆற்றங்கரைக்கு மிக அருகில் போடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே தண்ணீர் ஏறும்.

வீடு திரும்பிய அன்றே டென்ட்டை நிழலில் ஒரு முழு நாள் காயவையுங்கள். வெயிலில் போட்டால் துணி நைந்துபோகும். ஈரத்தோடு மடித்தால் உட்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி நாறும். இறுகச் சுருட்டாமல் ஒரு பழைய தலையணை உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். பரணில் வேண்டாம்.