சாண எரிவாயு: கரைக்கும்போதே கவனம் வேண்டும்

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் இரண்டு மூன்று பசு நிற்கிற வீடுகளில் சாண எரிவாயுக் கலன் வைத்தால் சிலிண்டர் செலவை நன்றாகவே குறைக்கலாம். தினம் ஒரு கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினம் 25 கிலோ பச்சைச் சாணம் போதும். சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். கிடைக்கும் வாயு ஏறக்குறைய அரை கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம்.

கரைக்கும்போது கையை விட்டுத் துழாவி வைக்கோல், ஓலைத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். அவை மேலே மிதந்து ஏடு கட்டினால் வாயு எழும்பாது. ஃபினாயில் விட்டுத் தொழுவம் கழுவிய தண்ணீரை ஊற்றவே கூடாது. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அடுப்புச் சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது, வடித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வாயுவைவிட வெளியே வரும் கரைசல்தான் பெரிய லாபம். பச்சைச் சாணம்போல நாறாது, ஈயும் அவ்வளவாக மொய்க்காது. நம்ம குமரியில் இரண்டு பருவமழையும் பெய்வதால் கரைசல் குழிக்கு ஓலைக் கூரையாவது போடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ரப்பர்ச் சருகோடு அடுக்கி நிழலில் மட்கவைத்து மட்டி, செந்துளுவன், நேந்திரன் வாழைகளின் அடியைச் சுற்றிப் போடலாம்.