வரப்புத் தகராறு முன்சீப் கோர்ட்டிலிருந்து டெல்லி வரை: எந்தப் படியில் என்ன செய்ய வேண்டும்?

நிலத் தகராறோடு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, நேரே ஐகோர்ட்டில் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடாதா?" என்பதுதான். பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் நான் எல்லோருக்கும் சொல்லும் பதில் ஒன்றே: வழக்கின் உயிர் கீழ்க் கோர்ட்டில் இருக்கிறது. அங்கே பதிவாகாத சாட்சியத்தை மதுரை ஐகோர்ட் கிளையோ டெல்லி உச்ச நீதிமன்றமோ தேடித் தராது.

நம் நாட்டில் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பங்கிடப்பட்டிருந்தாலும் நீதிமன்றங்கள் ஒரே வரிசைதான். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தனி, மாநில நீதிமன்றங்கள் தனி. இங்கே அம்பாசமுத்திரம் முன்சீப் (கீழ்ப்படி உரிமையியல் நீதிபதி) நாடாளுமன்றச் சட்டத்தையும் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் ஒரே மேசையில் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார். உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டம், அரசியலமைப்பின் 141ஆவது பிரிவின்படி, அவரையும் கட்டுப்படுத்தும்.

எங்கே தாக்கல் செய்வது? 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: நிலம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே, அதிலும் விசாரிக்கத் தகுதியுள்ள மிகக் கீழ்ப்படியில். சொத்து மதிப்பைப் பொறுத்து அது முன்சீப் கோர்ட்டாகவோ சார்பு நீதிமன்றமாகவோ மாவட்ட நீதிமன்றமாகவோ அமையும். எதிரி தாசில்தார், பொதுப்பணித் துறை என்று அரசுத் தரப்பாக இருந்தால், 80ஆவது பிரிவின்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அவசரமென்றால் நீதிமன்ற அனுமதியோடு அதற்கு முன்பே தாக்கல் செய்யலாம். பக்கத்து வயல்காரர் உங்கள் மேல் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கிவிடுவார் என்று தோன்றினால் கேவியட் (முன்னெச்சரிக்கை) மனு போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும். அதுவரை உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு பிறக்காது.

வழக்கு எண் விழுந்ததும் எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் வாய்தா தேதி வீட்டிலிருந்தபடியே தெரியும்.

வரப்பு வழக்கின் தலைவிதியைப் பெரும்பாலும் எழுதுவது, இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனரின் அறிக்கை. அவரை நியமிக்கச் சொல்லி மனு போட வேண்டும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வாழைத் தோட்டம் என்று வையுங்கள். கமிஷனர் வருவார், தாலுகா சர்வேயர் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம்) சங்கிலி பிடிப்பார். அன்று வெறும் கையோடு நிற்காதீர்கள். எந்த எல்லைக்கல், வரப்பில் நிற்கும் தென்னைக்கு வயது என்ன, மடை எந்தப் பக்கம் திறக்கிறது, மோட்டார் அறை யாருடைய சர்வே எண்ணில் இருக்கிறது என்று குறிக்க வேண்டியதையெல்லாம் எழுதி வக்கீல் மூலம் கமிஷனர் கையில் கொடுங்கள். வாழைக்கட்டையின் அடியில் புதைந்த கல்லை அன்றைக்கே மண்ணைத் தள்ளிக் காட்டிவிட வேண்டும். அறிக்கையில் பிழை இருந்தால் உடனே ஆட்சேபணை தாக்கல் செய்யுங்கள். பட்டா, அடங்கல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் இந்தப் படியிலேயே சாட்சி மூலம் எண்ணிட்ட சான்றாவணமாகக் குறியீடு ஆக வேண்டும்.

இடையில் சமரசத்துக்கு மனம் இருந்தால் லோக் அதாலத்தை (மக்கள் நீதிமன்றம்) விட்டுவிடாதீர்கள். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வின் மேல் மேல்முறையீடும் இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

தீர்ப்பு பாதகமானால் அன்றைக்கே நகல் மனு போடுங்கள். முன்சீப் தீர்ப்பின் மேல், பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நகல் தயாராக ஆகும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதற்கு ஆதாரம் நகலின் கடைசியில் இருக்கும் தேதிகள்: மனு செய்த நாள், கோர்ட் முத்திரைத்தாள் கேட்ட நாள், நீங்கள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். முத்திரைத்தாள் கேட்டும் கட்டாமல் இருந்தால் அந்த நாட்கள் உங்கள் தலையில்தான் விழும். முதல் மேல்முறையீட்டில் சாட்சியத்தையும் சட்டத்தையும் மறுபடி அலசலாம்.

அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. கெடு 90 நாள். இங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே கதவு திறக்கும். "வரப்பு எங்கே இருக்கிறது" என்பது சட்டக் கேள்வி அல்ல. 2004 ஜூலை 24 முதல் நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை இருக்கிறது; அதற்கு முன்பு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. கீழ்க் கோர்ட்டில் தமிழில் நடந்த வழக்கு இங்கே ஆங்கிலத்துக்கு மாறும். ஆவணங்களின் மொழிபெயர்ப்பை வக்கீலோடு உட்கார்ந்து வரிக்கு வரி சரிபாருங்கள். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் அலைச்சல்தான். அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் ரிட் மனு, அரசு அதிகாரி சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாதபோது உதவும். பக்கத்து வயல்காரரோடு உள்ள சண்டைக்கு அல்ல.

உச்ச நீதிமன்றத்துக்கு 136ஆவது பிரிவின் சிறப்பு அனுமதி மனு. அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. ஒரு மாநிலத்துக்கும் இன்னொரு மாநிலத்துக்கும் வழக்கென்றால் 131ஆவது பிரிவின்படி அதுவே முதல் நீதிமன்றம். முல்லைப் பெரியாறு வழக்கு அப்படித்தான் நடந்து, 2014 மே 7ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அணையில் 142 அடி வரை நீர் தேக்கத் தீர்ப்பளித்தார்கள். உங்கள் வரப்புக்கு அந்த வழி இல்லை.

டெல்லியில் ஜெயித்தாலும் நிலத்தைக் கையில் வாங்க வழக்கு தொடங்கிய நீதிமன்றத்துக்கே திரும்ப வேண்டும். நிறைவேற்று மனு போடுங்கள். சுவாதீனத்துக்கான தீர்ப்பாணைக்குக் கெடு 12 ஆண்டு. கோர்ட் ஊழியரான அமீனா வந்து நிலத்தை ஒப்படைத்ததும் அவருடைய அறிக்கைக்கு நகல் வாங்கி, அதை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள்.