பேப்பரை வைத்துப் பாடம்: முதலாண்டு வகுப்பில் எங்கே சறுக்குகிறது?

தகவலைச் சரிபார்க்கப் பழக்கும் வகுப்பைப் பொய்ச் செய்தியில் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு மணி நேரம் போலிகளையே காட்டினால், "எதையுமே நம்ப முடியாது சார்" என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். உண்மையான, ஆனால் ஒரே நிகழ்வைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகளே முதல் வாரத்துக்கு நல்லது.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த இரண்டு நாள் நாளிதழ்களில் மூன்றை எடுத்து, மழையளவைக் குறிக்கச் சொல்லுங்கள். எண்கள் மாறினால் 'எது பொய்?' என்று கேட்காதீர்கள். எந்த ஊரில், எத்தனை மணி வரை, யார் அளந்தது என்று கேளுங்கள். வானிலைத் துறையின் ஒரு நாள் மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இரவே அச்சுக்குப் போன பதிப்பில் முழுக்கணக்கு எப்படி இருக்கும்? காற்றின் வேகத்திலும் இதே சிக்கல்: இந்தியாவில் 3 நிமிடச் சராசரி, அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையத்தில் 1 நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு அவர்கள் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

மூன்று பேப்பரில் வந்தால் மூன்று ஆதாரம் என்று எண்ண விடுவதும் தவறு. மூன்றிலும் பி.டி.ஐ. என்ற செய்தி ஏஜென்சி அனுப்பிய வரிகளே இருந்தால் ஆதாரம் ஒன்றுதான். செய்தியின் தலையிலோ வாலிலோ ஏஜென்சி பெயரைத் தேடப் பழக்குங்கள்.

இணையதளத்தின் லோகோ, எழுத்துப்பிழை, 'எங்களைப் பற்றி' பக்கம் என்று டிக் அடிக்கும் பட்டியலைக் கொடுப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ 2017இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்துக்குள்ளேயே நின்று படித்த வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் சட்டென்று வேறு டேப் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைப் பார்த்தார்கள். லட்சணமான தளம் அமைப்பது இன்று யாருக்கும் பெரிய வேலையில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டை (படமும் தலைப்பும் சேர்ந்த செய்தி அட்டை) அப்படியே, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டால், தேடல் எழுத்தின் பின்னால் போய்விடும். லோகோவையும் தலைப்பையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் தேடச் சொல்லுங்கள். புதுப் புயலின் படம் 2011இல் வந்த 'தானே' புயலுடையதாகவும் இருக்கலாம்.

மதிப்பெண்ணை 'சரி, தவறு' விடைக்குக் கொடுத்தால் ஊகித்தே வாங்கிவிடுவார்கள். எதைத் தேடினான், எதைத் திறந்தான், எங்கே நிறுத்தினான் என்று எழுதித் தரும் அரைப்பக்கத்துக்குக் கொடுங்கள்.