ஆஸ்பத்திரியின் காலி மனையை விற்கும் முன் செய்யக்கூடாதவை

ஓடிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரியில், "பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, வித்துடலாமே" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேலே பார்த்தால் பாழடைந்த நர்ஸ் குவார்ட்டர்ஸும் நாலு வேப்பமரமும்தான். கீழே எச்டி (உயர் அழுத்த மின்) கேபிள், தண்ணீர் லைன், சாக்கடை, ஃபைபர், சில இடங்களில் ஆக்சிஜன் குழாயும் ஓடும். கடனை அடைக்கவோ புது பிளாக் கட்டவோ உபரி நிலத்தை விற்பதில் தப்பில்லை. விற்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, அட்வான்ஸ் வாங்கிய பிறகு எஞ்சினியரைக் கூப்பிடுவது. "ஆறு மாதத்தில் காலி செய்து தருகிறோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரையும் எச்டி லைனையும் நகர்த்த மின்வாரியத்தில் மனு, எஸ்டிமேட், அப்புறம் மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று. திரவ ஆக்சிஜன் டேங்கை நகர்த்த, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட, வெடிபொருள், அழுத்த வாயுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பிடம் புது இடத்துக்கு உரிமம் வாங்க வேண்டும். இதில் எந்தத் தேதியும் நம் கையில் இல்லை. கெடு நெருங்க நெருங்க யாராவது குறுக்கு வழி சொல்வார்கள், விபத்து அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது வரைபடத்தை நம்புவது. ஓர் ஆஸ்பத்திரியில் விற்கப்போகும் பகுதி வரைபடத்தில் வெள்ளையாக இருந்தது. ஓய்வு பெறப்போகிற பிளம்பர் ஒருவரை உடன் அழைத்து நடந்தேன். ஓரிடத்தில் நின்று, "இங்க ஒரு வால்வு இருக்கணும் சார்" என்று செருப்புக் காலால் மண்ணை விலக்கினார். துருப்பிடித்த இரும்பு மூடி ஒன்று தெரிந்தது. டயாலிசிஸ் பிரிவின் ஆர்ஓ பிளான்ட்டுக்குப் போகும் தண்ணீர் முழுக்க அந்த வால்வு வழியாகத்தான் போனது. அதனால் வரைபடத்துக்கு முன் பழைய ஆட்களோடு நடந்து பாருங்கள், கேபிள் லொக்கேட்டர் வைத்துத் தேடுங்கள், சந்தேகமுள்ள இடத்தில் ஜேசிபி இல்லாமல் கையால் குழி தோண்டிப் பாருங்கள். போர்வெல்லை யாரும் மறப்பதில்லை. எர்த் பிட்டை, அதாவது மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் குழியை, மறந்துவிடுவார்கள். செடிகளுக்கு நடுவே சின்ன சிமென்ட் மூடியாகக் கிடக்கும். ஐசியூ கருவிகளின் எர்த் இணைப்பு முழுக்க அதைச் சார்ந்தே இருக்கலாம்.

பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. நிலத்தை விற்றால் உங்கள் எல்லைக்கோடு கட்டடத்தை நோக்கி நகரும். ஆக்சிஜன் டேங்கை ஓர் அடிகூட நகர்த்தாவிட்டாலும், எல்லையிலிருந்து அதற்கு இருக்க வேண்டிய இடைவெளி நேற்று இருந்தது, நாளை இல்லாமல் போகலாம். புற்றுநோய்ப் பிரிவில் லினாக் பங்கர் (கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி இருக்கும் கனத்த சுவர் அறை) இருந்தால் இன்னும் சிக்கல். வெளியே யாரும் தங்காத வெற்றிடம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பக்கச் சுவரின் கனத்தைத் தீர்மானித்திருப்பார்கள். அங்கே அடுக்குமாடி வந்துவிட்டால் அந்தக் கணக்கே மாறும். தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதை, ஜெனரேட்டர் புகைக்கூண்டு, மீதி மனைக்குக் கிடைக்கும் எஃப்எஸ்ஐ (மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்) எல்லாவற்றையும் புது எல்லையை வைத்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

சரி, இடம் மாற்றும் வேலைக்கு வருவோம். புது லைனைப் போட்டு, சோதித்து, சில நாள் ஓடவிட்டுப் பார்க்காமல் பழையதை வெட்டக் கூடாது. மருத்துவ வாயுக் குழாயில் இது உயிர்ப் பிரச்சினை. சிட்னியின் பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில், 2015-ல் பொருத்திச் சான்றும் கொடுத்த ஆக்சிஜன் முனையில் மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. 2016-ல் ஒரு பச்சைக் குழந்தை இறந்தது, இன்னொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அதே 2016-ல் இந்தூர் அரசு மருத்துவமனையின் புது ஆபரேஷன் தியேட்டரிலும் இதே மாதிரி குழாய் மாறிப்போனதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. அழுத்தச் சோதனை கசிவைத்தான் காட்டும். குழாய் மாறியிருந்தாலும் அழுத்தம் அப்படியே நிற்கும். மற்ற வாயுக்களையெல்லாம் மூடி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, ஒரே ஒரு வாயுவை மட்டும் திறந்து ஒவ்வொரு முனையாகப் பார்க்க வேண்டும். கடைசியில் மயக்க மருந்து டாக்டர் தன் கையால் ஆக்சிஜன் அனலைசரை ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தக்காரரின் சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி வால்வைத் திறக்கக் கூடாது.

மின்சாரத்தில் கேபிள் முனையைப் புதிதாக இணைக்கும்போது மூன்று ஃபேஸ்களின் வரிசை மாறிவிடலாம். விளக்கு எரியும், எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தீயணைப்பு பம்ப் மட்டும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் லைனை வெட்டும்போது, பழைய கிளையை நுனியில் மூடிவிட்டால் போதும் என்பது பிளம்பர்களின் வழக்கம். அந்த முட்டுக் குழாயில் தேங்கும் தண்ணீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குப் பிடித்த வெப்பம். நம்மூர் மொட்டைமாடித் தொட்டியில் வருடம் முழுக்க அதே வெப்பம்தான். கிளை பிரியும் இடத்திலேயே வெட்டி எடுக்க வேண்டும்.

ஏதோ ஒரு லைனை நகர்த்த முடியவில்லை, விற்ற நிலத்துக்குள்ளேயே விட வேண்டியிருக்கிறது என்றால், வாங்குபவரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு வேறு யாருக்காவது விற்பார். எத்தனை அடி அகலம், எந்த வழியாகப் போகிறது, பழுது பார்க்க உள்ளே வந்து தோண்டும் உரிமை, இவ்வளவும் வரைபடத்தோடு கிரயப் பத்திரத்திலேயே ஏற வேண்டும். அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சும்மா இருந்தால் கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டிவரும்.

அப்புறம் மழைநீர். ஆஸ்பத்திரியின் தண்ணீர் இத்தனை வருடம் வடிந்தது பெரும்பாலும் அந்தக் காலி மனையில்தான். கோடையில் வேலையை முடித்து வாங்கியவர் காம்பவுண்டுச் சுவரை எழுப்பிவிட்டால், ஐப்பசியில் தண்ணீர் திரும்பி வந்து அடித்தளத்தில் இருக்கும் எல்டி (தாழ்வழுத்த மின்) பேனல் அறைக்குள் நுழையும். சுவருக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே புது வடிகாலை வெட்டி, லாரித் தண்ணீரை ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.